பாட்டனாரின் பேனாக்கத்தி

எங்கள் அத்தா மவுத்தாகிச் சில வாரங்கள் கழிந்திருந்தன. துக்கம் விசாரிக்க வந்த உறவினர்கள் விடைபெற்றுச் சென்ற பின், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையை முடித்துக்கொண்டு, சகோதரர்களாகிய நாங்கள் மூவரும் அவர்களுடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். வீட்டு வரி ரசீதுகள், மூக்குக் கண்ணாடி, ஒரு தஸ்பீஹ் மணி, பழைய கூலிக் கணக்கு நோட்டு ஆகியவற்றுக்கு அடியில், பனியன் வேஸ்ட் துணியில் சுற்றிய சிறு பொருளொன்று இருந்தது. அவிழ்த்துப் பார்த்தோம். எங்கள் பாட்டனாரின் பேனாக்கத்தி!

கறுத்த கொம்புப் பிடி. அதனுள் பெரிதும் சிறிதுமாக இரண்டு அலகுகள். தீட்டித் தீட்டிப் பெரிய அலகு பாதியாகத் தேய்ந்திருந்தது. ஆயினும் மடக்கும்போது 'டக்' என்று எழுந்த ஓசையில் தளர்ச்சியில்லை.

இக்கத்தியைப் பற்றி எங்கள் குடும்பத்தில் வழிவழியாக ஒரு கதை உண்டு. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையிலுள்ள பேப்பூர் வரை இருப்புப் பாதை முடிந்த 1862-ஆம் ஆண்டை ஒட்டி, பாதை போட வந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர், எங்கள் பாட்டனாருக்கும் பாட்டனாரின் நேர்மையை மெச்சி இதைப் பரிசளித்தார் என்பதே அக்கதை. சிறுவயதில் அதைக் கேட்டு நாங்கள் பூரித்ததுண்டு.

என் அண்ணன் மகன் இளைஞன். அன்று மாலையே கத்தியைப் படமெடுத்துப் பழம்பொருள் வாங்கும் வணிகர் ஒருவருக்கு அனுப்பிவிட்டான். "துரை கொடுத்ததென்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தால் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறேன்" என்று அவரிடமிருந்து மறுமொழி வந்தது. "சித்தப்பா, நீங்கள்தாம் எழுதுவதில் வல்லவர். நாலு வரி எழுதிக் கொடுங்கள்" என்றான் பையன்.

நாலு வரி எழுதுவது எளிது. அது உண்மையா என்று அறிந்தல்லவா எழுதவேண்டும்?

பனியனுக்கு லேபிள், கத்திக்கு முத்திரை

திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனியொன்றில் முப்பதாண்டுகள் சரக்குச் சரிபார்க்கும் வேலை பார்த்தவன் நான். ஓர் ஆடையின் கழுத்துப் பகுதியில் தைத்திருக்கும் லேபிளை எப்படிப் படிப்பதென்று எனக்குத் தெரியும். அதில் இருப்பது ஐரோப்பியக் கடையொன்றின் பெயராக இருக்கும். துணியை நெய்தது, வெட்டியது, ஓவர்லாக் அடித்தது, மடித்தது எல்லாம் நம்மூர்க் கைகள். ஆக, விற்றவன் பெயர் வேறு, செய்தவன் வேறு, செய்த நாடு வேறு. மூன்றையும் பிரித்தறியாதவன் லேபிளைப் படித்தவன் ஆகமாட்டான்.

கத்தியும் அவ்வாறே என்பதை விரைவில் அறிந்துகொண்டேன். பழைய மடக்குக் கத்தியின் 'லேபிள்' அதன் பிடியில் இருப்பதில்லை. அலகு பிடிக்குள் நுழையும் அடிப்பகுதியில், விரல் நகமளவே உள்ள இடத்தில், முத்திரையாக அடிக்கப்பட்டிருக்கும். அலகு பெரும்பாலும் தேய்வது கூர்முனையிலும் விளிம்பிலுமே. எனவே ஐம்பது ஆண்டு தீட்டினாலும் அடிப்பகுதி எழுத்துகள் பிழைத்துக் கிடக்கும்.

மிஷின் எண்ணெயில் நனைத்த துணியால் அப்பகுதியை மெல்லத் துடைத்தேன். எழுத்துப் பள்ளங்களில் சுண்ணாம்புக்கட்டிப் பொடியைத் தேய்த்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, பூதக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஒரு கிரீடம். அதன் இருபுறமும் ஆங்கிலத்தில் 'ஜி', 'ஆர்' என்னும் இரண்டெழுத்துகள். கீழே 'ஜோசப் ராட்ஜர்ஸ் அண்ட் சன்ஸ்' என்ற பெயர். அதற்கும் கீழே, 'மாட்சிமை தங்கிய மன்னருக்குக் கத்தி செய்து தருவோர்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்கள். மறுபக்கத்தில் ஒரு நட்சத்திரமும் ஒரு சிலுவையும். 'ஷெஃபீல்டு, இங்கிலாந்து' என்று ஊரும் நாடும்.

கத்தியூர் ஷெஃபீல்டு

நமக்குப் பனியன் எப்படியோ, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகருக்குக் கத்தி அப்படி. அவ்வட்டாரக் கத்தித் தொழிலாளருக்கென 1624-ஆம் ஆண்டிலேயே பாராளுமன்றச் சட்டத்தின் வழியாக ஒரு சங்கம் அமைந்தது. ஒவ்வொரு கைவினைஞனும் தனக்குரிய முத்திரையை அச்சங்கத்தில் பதிந்துகொள்ளவேண்டும். ஒருவன் முத்திரையை மற்றொருவன் இடலாகாது.

அந்நகரின் புகழ்பெற்ற பெயர்களுள் ஒன்று ஜோசப் ராட்ஜர்ஸ். நட்சத்திரமும் மால்டாச் சிலுவையும் அந்நிறுவனத்தின் அடையாளம். 1822-இல் தன் திறமையைக் காட்ட 1,822 அலகுகள் கொண்ட ஒரே கத்தியை அந்நிறுவனம் செய்து வைத்தது. 1851-இல் இலண்டனில் நடந்த பெரும் பொருட்காட்சிக்காக 75 அலகுகள் கொண்ட மற்றொன்றைச் செய்தது. அதன் பேனாக்கத்திகள் கப்பலேறி இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து கடைவீதிகளில் விற்பனையாயின.

இவ்வளவும் அறிந்தபோது என் உள்ளம் மகிழ்ந்தது. துரையின் கதைக்கு இது பொருந்தி வருகிறதே என்று எண்ணினேன். ஆனால் முத்திரையை மீண்டும் ஒருமுறை படித்தபோது மகிழ்ச்சி ஐயமாக மாறிற்று.

மன்னரா, மகாராணியா?

இருப்புப் பாதை போடப்பட்ட காலத்தில் இங்கிலாந்தை ஆண்டவர் விக்டோரியா மகாராணி. அவருடைய ஆட்சி 1837-இல் தொடங்கி 1901-இல் முடிந்தது. அக்காலக் கத்தியில் 'மகாராணிக்கு' என்றும், 'வி', 'ஆர்' என்ற எழுத்துகளும் இருக்கவேண்டும். எங்கள் கத்தியிலோ 'மன்னருக்கு' என்றிருக்கிறது.

அப்படியானால் 1837-க்கு முந்தியதாக இருக்கலாமே என்று அண்ணன் கேட்டார்கள். 1820 முதல் 1830 வரை ஆண்ட நான்காம் ஜார்ஜுக்கும் அதே 'ஜி', 'ஆர்' எழுத்துகள்தாம். நியாயமான கேள்வி. இதற்கு விடை சொன்னது 'இங்கிலாந்து' என்ற சொல்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கத்தியில் ஊர்ப் பெயர் இருந்தால் போதுமென்றிருந்தது. ஜெர்மனியின் சோலிங்கன் நகரில் செய்யப்பட்ட கத்திகள் சிலவற்றில் ஷெஃபீல்டின் பெயரையே அடித்து விற்கலாயினர். ஷெஃபீல்டு வணிகர்கள் கொதித்தெழுந்தனர். 1887-இல் பிரிட்டனில் வாணிகக் குறிச் சட்டம் வந்தது. 1889-இல் இந்தியாவிலும் அத்தகைய சட்டம் இயற்றப்பட்டது. 1890-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டம், இறக்குமதியாகும் பொருளில் நாட்டின் பெயர் இருந்தாகவேண்டுமென்று விதித்தது. இவற்றுக்குப் பின்னரே நாட்டின் பெயரைப் பொறிப்பது பொது வழக்கமாயிற்று. இன்று நம்மூர்ப் பனியனில் நாட்டின் பெயர் தாங்கிய லேபிள் தைக்கப்படுகிறதே, அவ்வழக்கத்தின் பழைய வேர்களுள் இச்சட்டங்களும் சேரும்.

ஆகவே நாட்டின் பெயர் இருப்பதால் கத்தி 1890-ஐ ஒட்டிய காலத்துக்கு முந்தியதன்று. 'மன்னருக்கு' என்றிருப்பதால் 1901-க்குப் பிந்தியது. 1901 முதல் 1910 வரை ஆண்டவர் எட்வர்டு; அவருக்குரிய எழுத்து 'இ'. 'ஜி' என்றிருப்பதால் 1910-இல் பட்டமேறிய ஐந்தாம் ஜார்ஜின் காலமோ, 1936 முதல் 1952 வரை ஆண்ட ஆறாம் ஜார்ஜின் காலமோ ஆகும்.

முத்திரையே போலியாக இருந்தால் என்ன செய்வது என்று பையன் மடக்கினான். போலி செய்பவனும் தன் காலத்தில் வழங்கும் முத்திரையைப் பார்த்துத்தானே அடிப்பான்? இனி வரப்போகும் மன்னரின் எழுத்தை முன்கூட்டியே அறிந்து அடிக்க அவனாலும் இயலாது. எனவே அசலாயினும் போலியாயினும், இம்முத்திரை தாங்கிய கத்தி 1862-இல் எவர் கையிலும் இருந்திருக்க முடியாது.

ஒரு பொருளின் வயதை அதிலுள்ள மிகப் பழைய அடையாளத்தைக் கொண்டு கணிக்கலாகாது. மிகப் புதிய அடையாளத்தைக் கொண்டே கணிக்கவேண்டும். இந்த விதி கத்திக்கு மட்டுமன்று, பத்திரத்துக்கும் கடிகாரத்துக்கும் பொருந்தும்.

துரை மறைந்துபோனார். பையனின் முகம் வாடிற்று. உண்மையைச் சொன்னால், என் முகமும்தான்.

கொம்பும் இரும்பும்

அலகில் ஆங்காங்கே துருப் புள்ளிகள் இருந்தன. துருவேறாத எஃகை ஷெஃபீல்டின் ஹாரி பிரியர்லி 1913-இல் உருவாக்கினார். அவ்வகை அலகில் 'ஸ்டெயின்லெஸ்' என்று பொறித்து விற்பது வழக்கமாயிற்று. அச்சொல் இருந்தால் கத்தி 1913-க்குப் பிந்தியது என்பது உறுதி. ஆனால் அச்சொல் இல்லாததைக் கொண்டு முந்தியது என்று முடிவு கட்டலாகாது. பழைய வகை எஃகிலும் தொடர்ந்து கத்திகள் செய்யப்பட்டு வந்தன.

பிடியைப் பற்றியும் ஒரு செய்தி. ஷெஃபீல்டும் சோலிங்கனும் தங்கள் கத்திப் பிடிகளுக்கு இந்தியக் கடமான் கொம்பையும் எருமைக் கொம்பையும் தருவித்துக்கொண்டன. நம் நாட்டிலிருந்து கொம்பாகக் கப்பலேறியது, கத்தியாகத் திரும்பி வந்து நம்மவரிடமே விலைக்கு விற்றது! பருத்தி சென்று துணியாகத் திரும்பிய கதையும் இதுதானே?

எஃகின் கதையும் நமக்கு அந்நியமன்று. திருப்பூரினூடே ஓடும் நொய்யலின் கரையில், கிழக்கே சற்றுத் தொலைவில் இருக்கும் கொடுமணலில் 1980-களில் தொடங்கிய அகழாய்வுகள், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கு இரும்பை உருக்கிய உலைகளை வெளிப்படுத்தின. தென்னிந்திய உருக்கு மேலை நாடுகளில் பெரும்புகழ் பெற்றது. அரபு மொழியில் 'முஹன்னத்' என்றாலே இந்திய எஃகினாலான வாள் என்று பொருள். ஒன்பதாம் நூற்றாண்டின் பேரறிஞர் அல்-கிந்தி, வாள்களின் வகைகளைப் பற்றி எழுதிய நூலில் இந்திய எஃகையும் சரந்தீப் எனப்பட்ட இலங்கையின் எஃகையும் பேசுகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் மைக்கேல் ஃபாரடே நம் உருக்கின் இரகசியத்தை அறிய ஆய்வு நடத்தினார்.

'பேனாக்கத்தி' என்ற பெயருக்கும் காரணமுண்டு. இறகுப் பேனாவைச் சீவுவதற்கென்றே இத்தகைய சிறு கத்தி பிறந்தது. பாரசீக, துருக்கிய எழுத்துக் கலைஞர்களிடமும் நாணல் கலத்தைச் சீவும் 'கலம்தராஷ்' என்னும் தனிக் கத்தி இருந்தது. கலத்தின் நுனி வெட்டு பிசகினால் அரபு எழுத்தின் அழகே பிசகிவிடும்.

குப்பி சொன்ன செய்தி

துரை கொடுக்கவில்லையென்றால் கத்தி எங்கிருந்து வந்தது? இதைச் சொல்லக்கூடியவர் ஒருவர்தாம் எஞ்சியிருந்தார்கள். அத்தாவின் தங்கை, தாராபுரத்தில் வாழும் எங்கள் குப்பி. வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அடுத்த ஞாயிறன்று கத்தியை எடுத்துக்கொண்டு போனேன்.

கத்தியைக் கையில் வாங்கியதும் குப்பி வெகு நேரம் பேசவில்லை. பிறகு நான் துரையின் கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டார்கள்.

"துரையாவது ஒண்ணாவது! கோயமுத்தூர்க் கடைவீதியில எங்கத்தா காசு கொடுத்து வாங்குனது கண்ணு. ஜின்னிங் ஆலையை விட்டுப் பனியன் கம்பெனிக்குப் போனாங்கல்ல, அந்த முதல் சம்பளத்துல வாங்குனேன்னு அவங்களே சொல்லுவாங்க. நானும் அண்ணனும் சின்னப் பிள்ளைகள். எடுத்து விளையாடிக் கையை வெட்டிக்குவோம்னு, 'இது துரையோட கத்தி, தொட்டா போலீஸ் வரும்'னு மிரட்டி வெச்சாங்க."

குழந்தைகளைக் காக்கச் சொன்ன ஒரு சொல், இரண்டு தலைமுறையில் வரலாறாக வளர்ந்துவிட்டது!

பஞ்சுப் பொதியின் சாக்கைக் கீறி மாதிரி எடுப்பதிலிருந்து, கம்பெனியில் நூல் அறுப்பதுவரை அவர்களுடைய வேலையெல்லாம் கத்தியோடுதான். மாலையில் வீடு திரும்பியதும் அதே கத்தியைக் கழுவித் துடைத்து, மாம்பழத்தை நறுக்கிப் பிள்ளைகளுக்குச் சமமாகப் பங்கிடுவார்களாம். திருப்பூரின் முதல் பனியன் தொழிலகமென்று கூறப்படும் பேபி நிட்டிங் நிறுவனத்தை 1925-இல் தொடங்கியவர் குலாம் காதர் என்ற முஸ்லிம் பெருமகனார். அவ்வழியைத் தொடர்ந்து ஒவ்வொன்றாகக் கம்பெனிகள் முளைத்த காலத்தில், கூலிக்கு உழைத்தவர்களுள் ஒருவர் எங்கள் பாட்டனார். அன்றைய கூலியில் ஷெஃபீல்டுக் கத்தி வாங்குவது சிறிய காரியமன்று. துரையின் பரிசைவிட உழைத்து வாங்கிய பொருள் உயர்ந்ததல்லவா?

மனம் நிறைந்து எழப்போனேன். அப்போதுதான் ஓர் எண்ணம் நெஞ்சில் தைத்தது. கத்தி பாட்டனார் வாங்கியது. அவர்கள் மறைந்தபோது அது அவர்கள் விட்டுச் சென்ற சொத்து. அதை அத்தா எடுத்து வைத்துக்கொண்டார்கள். குப்பியின் பங்கு?

விட்டுச் சென்றது கொஞ்சமானாலும் மிகுதியானாலும் ஆண்களுக்குப் பங்கு இருப்பதுபோல் பெண்களுக்கும் பங்கு உண்டென்பதை அந்நிஸா அத்தியாயத்தின் 7-ஆம் வசனம் தெளிவாக்கிவிட்டது. மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று. பாட்டியாரின் எட்டில் ஒரு பங்கும் அவர்களுக்குப் பின் இவ்விருவருக்கே வந்து சேர்ந்தது. கணக்கிட்டுப் பார்த்தால் கத்தியில் மூன்றில் ஒரு பங்கு குப்பியுடையது. வீட்டையும் நிலத்தையும் பங்கிட்டபோது முறைப்படி கொடுத்த நம் பெரியவர்கள், பெட்டியில் கிடக்கும் சிறு பொருளை யாரும் பங்கென்று எண்ணவில்லை. நாங்களும் கேட்காமலே விற்கத் துணிந்தோம்.

தயங்கித் தயங்கி இதைச் சொன்னேன். குப்பி கத்தியை மடக்கினார்கள். 'டக்' என்றது.

"இத்தனை வருசத்துல இதுல உனக்கும் பங்கிருக்குன்னு சொன்னவன் நீதான் கண்ணு. பணம் எனக்கு எதுக்கு? இந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை வருசமாச்சு!"

அன்றிரவே அண்ணனிடமும் தம்பியிடமும் பேசினேன். மறுமொழிக்குக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் பங்கை மனமுவந்து குப்பிக்கே ஹிபாவாகக் கொடுத்துவிட்டோம். வணிகருக்கு உண்மையை எழுதிய பின் அவரிடமிருந்து பதிலில்லை. "நாலு வரியில் போயிருக்கவேண்டிய காரியம்" என்று பையன் முணுமுணுத்தான். அந்த நாலு வரி பொய்யாக இருந்திருக்கும் என்பதை அவனும் அறிவான். பொருளின் குறையை மறைத்து விற்பது நமக்கு ஆகுமானதன்று. அதற்கு இல்லாத பெருமையை ஏற்றி விற்பதும் அதே வகையைச் சேர்ந்ததுதான்.

உங்கள் பெட்டியிலும் இருக்கலாம்

வாசகர்கள் இல்லங்களிலும் இத்தகைய கத்திகள் உறங்கிக் கொண்டிருக்கலாம். எடுத்துப் பார்ப்போர்க்குச் சில குறிப்புகள்.

உப்புத்தாள், புளி, எலுமிச்சை எதையும் போட்டுத் தேய்க்கவேண்டாம், முத்திரை அழிந்துவிடும். தையல் மிஷின் எண்ணெய் தொட்ட துணி போதும். கொம்புப் பிடியைத் தண்ணீரில் ஊறவைக்கவேண்டாம். தோலுறைக்குள் நெடுங்காலம் வைத்தால் அலகு துருவேறும். பழைய செல்லுலாய்டுப் பிடி சிதையும்போது வெளியாகும் ஆவி அருகிலுள்ள உலோகத்தை அரிக்குமாதலால் அதைத் தனியே வைக்கவேண்டும். புதிதாகத் தீட்டவும் வேண்டாம். தேய்மானமும் உழைப்பின் சான்றுதான்.

ஒன்றுக்கொன்று ஒட்டிய இரட்டையர் உருவம் இருந்தால் அது சோலிங்கனின் ஹெங்கெல்ஸ். மரத்தின் உருவமெனில் அந்நகரின் போக்கர். 'மேற்கு ஜெர்மனி' என்றிருந்தால் 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்டது. கேடயத்துள் சிலுவையும் 'விக்டோரிநாக்ஸ்' என்ற பெயரும் சுவிட்சர்லாந்தைக் குறிக்கும். அப்பெயர் வந்தது 1921-இல். அகன்ற அம்புக்குறி பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்தென்பதன் அடையாளம். அத்துடன் ஆண்டும் பொறித்திருந்தால் படைவீரர் எவரேனும் கொண்டுவந்ததாக இருக்கலாம். நம் துணைக்கண்டத்திலும் இராம்பூர், இன்று பாகிஸ்தானில் உள்ள வஜீராபாத் போன்ற ஊர்கள் கத்திக்குப் பேர்போனவை. பெயரெழுத்தையும் கவனமாகப் பாருங்கள். புகழ்பெற்ற பெயரில் ஓரெழுத்தை மாற்றி அடித்த கத்திகள் ஏராளம். பழைய பெயரைத் தாங்கிய புதுக் கத்திகளும் உண்டு.

யானைத் தந்தப் பிடியாயின் விற்கும் எண்ணமே வேண்டாம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பிந்தைய திருத்தங்களும் நம் நாட்டில் தந்த வாணிபத்தைத் தடை செய்துள்ளன.

எல்லாவற்றிலும் மேலாக, வீட்டிலுள்ள முதியவர்களிடம் கேளுங்கள். முத்திரை கத்தியின் காலத்தைச் சொல்லும். அது யாருடைய கையில் இருந்தது, எதை நறுக்கியது, யாருக்கு உரியது என்பதை அவர்களால்தான் சொல்லமுடியும். கேட்டதை ஒரு தாளில் எழுதிப் பொருளோடு சேர்த்து வையுங்கள்.

கத்தி இப்போது தாராபுரத்தில் குப்பியின் தலைமாட்டில் இருக்கிறது. சென்ற மாதம் போயிருந்தேன். கொல்லைப்புறத்து மாமரத்தின் பழமொன்றை அந்தத் தேய்ந்த அலகால் நறுக்கித் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். வந்திருந்த பிள்ளைகள் அனைவருக்கும் துண்டுகள் சமமாக இருந்தன.